குட்டி நாயின் விடாத கழிச்சலுக்கு ஃபோர்ட்டிஃப்ளோரா: எங்கே உதவும், எங்கே உதவாது

குட்டிக்குப் பத்து நாளாக மலம் கெட்டிப்படவில்லை என்றதும் பலரும் முதலில் வாங்குவது புரோபயாடிக் பொடி, அதாவது குடலுக்கு நல்லது செய்யும் பாக்டீரியா அடங்கிய பொடி. அதிலும் பியூரினாவின் ஃபோர்ட்டிஃப்ளோரா சாஷே மிகப் பரவலாகத் தெரிந்த பெயர். கால்நடை மருத்துவர்களும் அடிக்கடி எழுதித் தருகிறார்கள். பொருள் தரமானதுதான். ஆனால் விடாத கழிச்சலில் அதன் இடம் நான்காவது. மலப் பரிசோதனை, சரியான புழு மருந்து, எடைபோட்டு வைத்த உணவு, இந்த மூன்றுக்கும் பிறகு வரவேண்டியதை முதலில் வாங்கிவிட்டு, ஒரு பெட்டி தீர்ந்தும் பலனில்லை என்று ஒரு நட்சத்திரம் போடுகிறவர்கள் ஒரு பக்கம். கொடுக்காமல் விட்டிருந்தாலும் இரண்டு நாளில் நின்றிருக்கும் பேதிக்குக் கொடுத்துவிட்டு ஐந்து நட்சத்திரம் போடுகிறவர்கள் இன்னொரு பக்கம். இரண்டு மதிப்பெண்ணையும் நம்பி வாங்க வேண்டாம்.

ஒரு எச்சரிக்கையை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். கழிச்சலோடு வாந்தியும் சேர்ந்திருந்தால், குட்டி சோர்ந்து படுத்துவிட்டால், மலத்தில் ரத்தம் நிறைய வந்தால் அல்லது மலம் தார் போலக் கறுத்திருந்தால், ஈறு காய்ந்து பிசுபிசுத்தால் எந்தப் பொடிக்கும் நேரமில்லை. அன்றைக்கே மருத்துவரிடம் போக வேண்டும். தடுப்பூசி முழுதாக முடியாத குட்டி என்றால் முதல் சந்தேகம் பார்வோ, உயிரைப் பறிக்கக்கூடிய வைரஸ் நோய். மலத்தில் செய்யும் 'ஸ்நாப்' என்ற உடனடிப் பார்வோ பரிசோதனைக்குப் பத்து நிமிடம் போதும். நோயின் தொடக்கத்தில் அது தவறாக 'இல்லை' என்று காட்டுவதும் உண்டு. அறிகுறிகள் பார்வோவைச் சொன்னால் மறுநாள் மறுபடி சோதிப்பதே முறை. மூன்று மாதம் நிரம்பாத குட்டியும் பொம்மை ரகச் சிறு நாய்களும் சாப்பிடாமல் சில மணி நேரம் இருந்தாலே ரத்தச் சர்க்கரை இறங்கித் தள்ளாடும். பெரிய நாய்க்குச் சொல்வதுபோல 'ஒரு நாள் பட்டினி போடுங்கள், சரியாகிவிடும்' என்பது இவற்றுக்கு ஆபத்தான அறிவுரை.

இங்கே பேசப்போவது வேறு வகைக் குட்டியைப் பற்றி. ஓடுகிறது, விளையாடுகிறது, சாப்பிடுகிறது, ஆனால் மலம் மட்டும் வாரக்கணக்கில் கூழாகவே இருக்கிறது. அல்லது நாலு நாள் நன்றாக இருந்து ஐந்தாம் நாள் மறுபடி கெட்டுப்போகிறது.

சாஷேக்குள் இருப்பது

பெட்டியில் 30 சாஷே, ஒவ்வொன்றும் 1 கிராம். வேலை செய்யும் பாக்டீரியா ஒன்றே ஒன்று: என்டரோகாக்கஸ் ஃபேசியம், எஸ்.எஃப் 68 என்ற ரகம். கிராமுக்குக் குறைந்தது 10 கோடி உயிருள்ள பாக்டீரியா என்று லேபிள் உறுதி சொல்கிறது. புரோபயாடிக் சந்தையில் இப்படி ரகத்தின் பெயரையும் எண்ணிக்கையையும் தெளிவாகப் போடுவதே பெரிய விஷயம். 'லேக்டோபேசில்லஸ் கலவை' என்று மட்டும் எழுதிய டப்பாவில் எந்த ரகம், எவ்வளவு, காலாவதி நாள்வரை எத்தனை உயிரோடு இருக்கும் என்று எதுவும் தெரியாது. அப்படிப்பட்டதை வாங்காதீர்கள்.

ஆனால் எடையில் சாஷேயின் முதல் பொருள் பாக்டீரியா இல்லை, 'அனிமல் டைஜஸ்ட்'. இறைச்சித் திசுவை நொதிகளால் கரைத்து உலர்த்திய சுவைப்பொடி அது. கொஞ்சம் வைட்டமின் சி, ஈ, பீட்டா கரோட்டின், தாது உப்புகள் மீதிக்கு. அந்தச் சுவைப்பொடியால்தான் தட்டைத் திரும்பிப் பார்க்காத குட்டியும் நக்கித் தின்கிறது. இதில் நன்மையும் உண்டு, ஏமாற்றும் உண்டு. நன்மை, மருந்து கொடுக்கும் போராட்டம் இல்லை. ஏமாற்று, குட்டிக்குப் பசி திரும்பிவிட்டது என்று தோன்றும். பசி உண்மையாகவே திரும்பியதா என்று பார்க்க ஒரு வேளை பொடி தூவாமல் வைத்துப் பாருங்கள்.

இந்தச் சுவைப்பொடி இன்னொரு இடத்தில் நேரடியாகக் கெடுக்கும். உணவு ஒவ்வாமையைக் கண்டுபிடிக்க மருத்துவர் ஒரே புரத உணவையோ ஹைட்ரோலைஸ்டு உணவையோ (புரதத்தை மிகச் சிறு துண்டுகளாக உடைத்த உணவு) போட்டுப் பார்க்கச் சொல்லியிருந்தால், விலங்குப் புரதம் கலந்த எந்தத் துணைப்பொருளும் சோதனையைக் குலைத்துவிடும். கடைக்காரர் சொல்லமாட்டார், பெட்டியின் முன்பக்கத்திலும் இருக்காது. பின்பக்கப் பொருள் பட்டியலின் முதல் வரியில் இருக்கிறது. அந்தச் சோதனை நடக்கும் காலத்தில் ஃபோர்ட்டிஃப்ளோரா கூடாது. சுவைப்பொடி சேராத வேறு புரோபயாடிக் எது என்று மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

கொடுக்கும் முறை எளிது. நாளுக்கு ஒரு சாஷே, எடை பார்க்க வேண்டாம், உணவின் மேல் தூவினால் போதும். தவறு நடப்பது இரண்டு இடத்தில். முதலாவது, ஆவி பறக்கும் சூட்டிலிருக்கும் உணவிலோ வெந்நீரில் ஊறவைத்த டிரை ஃபுட்டிலோ தூவுவது. பாக்டீரியா செத்துப்போய்ச் சுவைப்பொடி மட்டும்தான் மிஞ்சும். உணவு கைச்சூட்டுக்கு ஆறிய பிறகு தூவ வேண்டும். இரண்டாவது, ஒரு சாஷேயைப் பிரித்து மூன்று வேளைக்குப் பங்கிட்டு மீதியை மடித்து வைப்பது. பிரித்ததும் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும், எண்ணிக்கை விழும். ஒரே வேளையில் கொடுத்துவிடுங்கள். ஆன்டிபயாட்டிக் ஓடிக்கொண்டிருந்தால் இரண்டுக்கும் இடையே இரண்டு மூன்று மணி நேரம் விடுங்கள்.

ஆய்வுகள் என்ன சொல்கின்றன

இந்த ரகத்தின் மேல் ஆய்வுகள் உண்டு. ஆனால் விளம்பரம் சொல்லும் அளவுக்கு நாய்களில் வலுவாக இல்லை. காப்பகப் பூனைகளையும் நாய்களையும் வைத்து 2011-ல் வெளியான ஆய்வில், இரண்டு நாளும் அதற்கு மேலும் நீடிக்கும் கழிச்சல் எஸ்.எஃப் 68 பெற்ற பூனைகளில் குறைந்தது. நாய்களில் புள்ளியியல் ரீதியான வித்தியாசம் தெரியவில்லை. அந்த நாய்களில் கழிச்சலே அரிதாக இருந்தது என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். ஜியார்டியா என்ற ஒற்றைச் செல் குடல் ஒட்டுண்ணி தொற்றிய நாய்களில் எஸ்.எஃப் 68 மட்டும் கொடுத்த 2009 ஆய்வில் மலத்தில் வரும் ஜியார்டியா சிஸ்ட் (ஓடு மூடிய அதன் பரவும் வடிவம்) குறையவில்லை. நீடித்த கழிச்சல் குட்டிகளில் மிக அதிகமாகப் பிடிபடும் காரணங்களில் ஜியார்டியா ஒன்று. ஆகவே இந்த இரண்டாவது முடிவு குட்டி வளர்ப்பவர்களுக்கு ரொம்ப முக்கியம். ஜியார்டியாவை வயிற்றில் வைத்துக்கொண்டு சாஷே சாஷேயாகக் கொடுத்தால் பணம்தான் கரையும்.

இந்தப் பாக்டீரியா குடலில் நிரந்தரமாகக் குடியேறுவதில்லை என்பதும் தெரிந்திருக்க வேண்டும். கொடுக்கும்வரை இருக்கும், நிறுத்தினால் சில நாளில் போய்விடும். 'நிறுத்தியதும் மறுபடி லூஸாகிவிட்டது, அதனால் இதற்கு அடிமையாகிவிட்டது' என்று சிலர் எழுதுவது தவறான புரிதல். மூலகாரணம் இன்னும் உள்ளே இருக்கிறது என்பதைத்தான் அது காட்டுகிறது.

அந்தப் பணத்தில் முதலில் செய்ய வேண்டியது

மலப் பரிசோதனை. இந்தத் துறையில் கொடுத்த பணத்துக்கு இவ்வளவு பதில் தரும் சேவை வேறு இல்லை. ஆனால் 'மலம் டெஸ்ட் செய்தோம், ஒன்றுமில்லை' என்று சொல்பவர்களில் பலர் சரியான டெஸ்ட் செய்ததில்லை. கண்ணாடித் தகட்டில் ஒரு துளி மலத்தைத் தடவி மைக்ராஸ்கோப்பில் பார்ப்பது ஒரு டெஸ்ட். துத்தநாக சல்ஃபேட் கரைசலில் கலக்கி, சென்ட்ரிஃப்யூஜ் என்ற வேகமாகச் சுழலும் கருவியில் சுற்றி, மேலே மிதந்து வருவதைப் பார்ப்பது இன்னொரு டெஸ்ட். முதலாவது மிகக் குறைந்த மலத்தைத்தான் பார்க்கிறது, தவறவிடும் வாய்ப்பு அதிகம். ஜியார்டியா சிஸ்ட்டுக்குத் துத்தநாக சல்ஃபேட்தான் ஏற்றது. அடர்த்தியான சர்க்கரைக் கரைசலில் சிஸ்ட் சுருங்கி உருமாறிவிடும். ஆய்வகத்தில் கேட்க வேண்டிய கேள்வி, 'சென்ட்ரிஃப்யூஜ் செய்து பார்க்கிறீர்களா?' என்பதுதான். கூடவே ஜியார்டியாவின் புரதத்தைத் தேடும் ஆன்டிஜன் பரிசோதனையும் சேர்த்துச் செய்யச் சொல்லுங்கள்.

மாதிரி எடுப்பதில் நடக்கும் பிழைதான் முடிவைப் பாதிக் கெடுக்கிறது. தரையில் காய்ந்து கிடப்பதை எடுக்காதீர்கள். குட்டி மலம் கழித்த உடனே, கையுறை போட்டு அல்லது ஒரு பிளாஸ்டிக் பையைக் கையில் மாட்டிக்கொண்டு, மண் படாத மேல்பகுதியிலிருந்து ஒரு தேக்கரண்டி அளவு, சுமார் 5 கிராம், எடுங்கள். சளி படிந்த இடமோ ரத்தக் கோடோ இருந்தால் அந்தப் பகுதி கட்டாயம் சேரட்டும். இறுக மூடும் சுத்தமான டப்பாவில் போட்டு, தேதியும் நேரமும் எழுதுங்கள். சில மணி நேரத்தில் கொடுக்க முடியாவிட்டால் ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் வைக்கலாம், ஒரு நாளுக்கு மேல் வேண்டாம். ஃப்ரீசரில் வைக்கவே கூடாது, உறைந்தால் சிஸ்ட் சிதைந்துவிடும். ஜியார்டியா தினமும் மலத்தில் வராது, விட்டுவிட்டுத்தான் வரும். அதனால் முதல் முடிவு 'இல்லை' என்று வந்தாலும், மூன்று முதல் ஐந்து நாளுக்குள் மூன்று மாதிரி கொடுத்தால்தான் அந்த 'இல்லை'யை நம்பலாம்.

மருத்துவரிடம் போகும்போது மலத்தின் படத்தை மொபைலில் எடுத்துக்கொண்டு போங்கள். அது அருவருப்பான வேலை இல்லை, பாதி நோயறிதல் அதில் இருக்கிறது. நாளுக்கு இரண்டு மூன்று முறை, ஒவ்வொரு முறையும் நிறையப் போய், எடையும் ஏறவில்லை என்றால் கோளாறு சிறுகுடல் பக்கம். நாளுக்கு ஆறு ஏழு முறை முக்கி முக்கிக் கொஞ்சம் கொஞ்சமாக, சளியும் கடைசியில் புது ரத்தத் துளியுமாகப் போனால் பெருங்குடல் பக்கம். தொடங்கும்போது கெட்டி, முடிக்கும்போது கூழ் என்பதும் பெருங்குடல் கதைதான். பியூரினாவின் ஏழு புள்ளி மல அட்டவணையில் 2 என்பதே நல்ல மலம்: கெட்டி, ஈரப்பசை, எடுத்தால் தரையில் ஒட்டாது. 'லூஸாக இருக்கிறது' என்பதைவிட 'மூன்று நாளாக 5, இன்று 6' என்று சொன்னால் மருத்துவருக்கு உடனே விளங்கும்.

புழு மருந்து: கொடுத்தோம் என்பது வேறு, கொடுத்து முடித்தோம் என்பது வேறு

டாக்சோகாரா உருண்டைப்புழு தாயின் வயிற்றிலிருக்கும்போதே குட்டிக்குள் வந்துவிடுகிறது. கொக்கிப்புழு தாய்ப்பால் வழியாக வரும். சுத்தமான வீட்டில் பிறந்த குட்டிக்குப் புழு இருக்காது என்பது அதனால்தான் சரியில்லை. இரண்டாம் வாரத்தில் தொடங்கி இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, எட்டு வாரம் வரை, பிறகு ஆறு மாதம் வரை மாதம் ஒருமுறை என்பது பொதுவாகப் பின்பற்றும் அட்டவணை. விற்றவர் 'புழு மருந்து ஒருமுறை போட்டாச்சு' என்றால் அது தொடக்கம் மட்டுமே. வயிற்றிலிருக்கும் முதிர்ந்த புழு செத்தாலும், திசுக்களில் ஊர்ந்துகொண்டிருக்கும் இளம்புழு அடுத்த இரண்டு வாரத்தில் குடலுக்கு வந்து சேரும். அடுத்த டோஸ் அதற்குத்தான்.

சாதாரணப் புழு மாத்திரை எல்லாம் ஜியார்டியாவைக் கேட்காது. பைரான்டெல் உருண்டைப்புழுவுக்கும் கொக்கிப்புழுவுக்கும் நல்ல மருந்து, ஜியார்டியாவில் பூஜ்யம். ஜியார்டியாவுக்கு வழக்கமாகத் தருவது ஃபென்பென்டசோல், கிலோ எடைக்கு 50 மி.கி., நாளுக்கு ஒருமுறை, மூன்று முதல் ஐந்து நாள். 4 கிலோ குட்டிக்கு நாளுக்கு 200 மி.கி. அன்றைய எடையை அன்றைக்கே பார்க்க வேண்டும். வளரும் குட்டிக்குப் போன மாத எடையை வைத்துக் கணக்குப் போட்டால் மருந்து குறைவாகத்தான் போகும். மூன்றாம் நாளே மலம் கெட்டிப்பட்டாலும் மருத்துவர் சொன்ன நாள்வரை நிறுத்தாதீர்கள்.

ஜியார்டியா திரும்பத் திரும்ப வருவதற்கு மருந்தின் தோல்வியைவிடக் குட்டியின் ரோமமே பெரும்பாலும் காரணம். சிஸ்ட் பின்பக்க ரோமத்தில் ஒட்டியிருக்கும், குட்டி நக்கும், மறுபடி உள்ளே போகும். சிகிச்சையின் கடைசி நாளில் ஷாம்பு போட்டு, வாலடியும் பின்னங்காலும் நன்றாகத் தேய்த்துக் குளிப்பாட்டி, முழுக்க உலர்த்த வேண்டும். படுக்கைத் துணியை வெந்நீரில் துவைத்து வெயிலில் காயவைக்க வேண்டும். சிஸ்ட்டுக்கு ஈரம்தான் உயிர், காய்ந்தால் சாகும். தண்ணீர்க் கிண்ணத்தைத் தினமும் கழுவிக் காயவைத்து நிரப்புங்கள். வீட்டில் வேறு நாய் இருந்தால் அதற்கும் டெஸ்ட் வேண்டும். இன்னொன்று: சிகிச்சை முடிந்து பல வாரம் வரை ஆன்டிஜன் டெஸ்ட் 'இருக்கிறது' என்றே காட்டக்கூடும். குட்டி நன்றாக இருக்கும்போது அந்த முடிவைப் பார்த்துவிட்டு மறுபடி மறுபடி மருந்து கொடுப்பது வீண். பின்தொடர் சோதனை, சென்ட்ரிஃப்யூஜ் மிதவைச் சோதனையாக இருக்கட்டும்.

காக்சிடியா என்ற இன்னொரு ஒற்றைச் செல் குடல் ஒட்டுண்ணி தனி ஆள். அதற்கு ஃபென்பென்டசோல் வேலை செய்யாது. டோல்ட்ராசூரில் அல்லது சல்ஃபாடைமெத்தாக்சின் போன்றவை தேவைப்படும். மருத்துவர் எழுதித் தராமல் தொடக்கூடாது. பெயர் தெரியாமல் 'புழு மருந்து' என்று கேட்டு வாங்கினால் இந்த வித்தியாசம் எல்லாம் காணாமல் போகும்.

தட்டில் விழும் அளவு

டெஸ்ட் சுத்தம், புழு இல்லை, குட்டி குண்டாகவும் உற்சாகமாகவும் இருக்கிறது, மலம் மட்டும் மாலையில் கூழாகிறது. இப்படிப்பட்ட குட்டிகளில் பலவற்றுக்கு அளவுக்கு மேல் தின்பதுதான் நோய். டிரை ஃபுட் பையோடு வரும் கப்பில் இரண்டு பேர் தனித்தனியாக ஒரு கப் எடுத்து, இரண்டையும் சமையலறைத் தராசில் வைத்துப் பாருங்கள். ஒருவர் தலைதட்டி எடுத்திருப்பார், இன்னொருவர் குவித்து எடுத்திருப்பார், வித்தியாசம் உடனே தெரியும். பயிற்சிக்குக் கொடுக்கும் பிஸ்கட், மெல்லும் குச்சி, குழந்தை கையிலிருந்து விழுவது எல்லாம் அதற்கு மேல்.

கணக்கு இப்படி. குட்டியின் எடையின் கனத்தைக் கண்டு (5 கிலோ என்றால் 5 × 5 × 5 = 125), வரும் எண்ணுக்கு வர்க்கமூலம் எடுத்து, அதற்கு மறுபடி வர்க்கமூலம் எடுத்து, 70-ஆல் பெருக்கினால் ஓய்வுநிலைக் கலோரி. 5 கிலோ குட்டிக்கு அது சுமார் 234. நான்கு மாதம் வரை இதைப்போல மூன்று மடங்கு, அதாவது 700 கலோரி, ஆரோக்கியமான குட்டியின் தோராயத் தேவை. நான்கு மாதத்துக்கு மேல் இரண்டு மடங்கு, சுமார் 470. பையில் 100 கிராமுக்கு 400 கலோரி என்று போட்டிருந்தால் நான்கு மாதம் வரையுள்ள குட்டிக்கு நாளுக்கு 175 கிராம், அதற்கு மேற்பட்டதற்கு 117 கிராம். நான்கு மாதம் தாண்டியும் பழைய அளவையே வைத்துக்கொண்டிருந்தால் தேவையைப்போல ஒன்றரை மடங்கு போகிறது. செரிக்காமல் பெருங்குடலுக்கு இறங்கும் அந்த மீதி அங்கே நொதித்து நீரை இழுக்கும். மலம் கூழாவது அதனால்.

இந்தக் குட்டிக்கு அளவை ஐந்தில் ஒரு பங்கு குறைத்து, நாளுக்கு நான்கு வேளையாகப் பிரித்து, ஒரு வாரம் வேறு எதையும் வாயில் வைக்காமல் பாருங்கள். எடை வாரத்துக்கு வாரம் ஏறிக்கொண்டே இருக்க வேண்டும். நின்றால் குறைப்பு அதிகம் என்று பொருள். பயிற்சிப் பரிசாக அதே டிரை ஃபுட்டின் அன்றைய பங்கிலிருந்து எடுத்துக் கொடுங்கள்.

குடல் புண்பட்டிருக்கும் குட்டிக்கு எளிதில் செரிக்கும் மருத்துவ உணவு உண்மையாகவே உதவும். ராயல் கேனின் கேஸ்ட்ரோஇன்டெஸ்டினல் பப்பி போன்றவை அதற்கென்றே செய்தவை. வாங்கும்போது பார்க்க வேண்டியது பெரிய நாய்க்கா, குட்டிக்கா என்பதை. 'கேஸ்ட்ரோஇன்டெஸ்டினல் லோ ஃபேட்' என்ற உறையைப் பார்த்து வயிற்றுக்கு இதமாக இருக்கும் என்று குட்டிக்கு வாங்குவது அடிக்கடி நடக்கும் பிழை. வளரும் குட்டிக்கு அது பொருந்தாது. அமெரிக்காவில் விலங்கு உணவுத் தரத்தை வரையறுக்கும் ஏ.ஏ.எஃப்.சி.ஓ. அமைப்பின் வரையறையில் வளரும் குட்டி உணவுக்கு உலர்நிலையில் (ஈரத்தைக் கழித்த எடையில்) புரதம் குறைந்தது 22.5 சதவீதம், கொழுப்பு 8.5 சதவீதம், கால்சியம் 1.2 சதவீதம் வேண்டும். பெரிய ரகக் குட்டிக்குக் கால்சியம் 1.8 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. வேகவைத்த கோழியும் சோறும் இரண்டு மூன்று நாளுக்கு நல்ல உணவு. வாரக்கணக்கில் அதுவே என்றால் கால்சியம் கிட்டத்தட்ட இல்லை, எலும்பு வளைய ஆரம்பிக்கும்.

உணவை மாற்றுவது எப்போதும் ஏழு நாள் வேலை. முதல் இரண்டு நாள் புதியது கால் பங்கு, அடுத்த இரண்டு நாள் பாதி, பிறகு முக்கால், ஏழாம் நாள் முழுக்கப் புதியது. நடுவில் மலம் கெட்டால் முன்னிருந்த பங்குக்குத் திரும்பி இரண்டு நாள் நில்லுங்கள். ஒரு உணவு ஒத்துக்கொள்ளவில்லை என்று மூன்றாம் நாளே அடுத்த பை, அடுத்த வாரம் இன்னொரு பை என்று மாற்றுவதே பல குட்டிகளில் கழிச்சலை நீட்டிக்கிறது.

பேஸ்ட், வீட்டு மருந்து, ஆன்டிபயாட்டிக்

சாஷேக்குப் போட்டியாக நிற்பது சிரிஞ்சில் வரும் பேஸ்ட், புரோ-கோலின் மாதிரி. கயோலின் களிமண், பெக்டின், என்டரோகாக்கஸ் எல்லாம் சேர்ந்தது. புரோ-கோலின் அட்வான்ஸ்டு பற்றி 2019-ல் வந்த, மருந்தில்லாப் பேஸ்ட்டோடு ஒப்பிட்ட ஆய்வில் 148 நாய்கள். திடீர்க் கழிச்சல் நின்ற இடைநிலை நேரம் பேஸ்ட்டில் 32 மணி, மற்றதில் 47 மணி. மதிக்கத்தக்க வித்தியாசம்தான். ஆனால் அது திடீர்க் கழிச்சல், மூன்று வாரக் கழிச்சல் இல்லை. களிமண் மலத்தைக் கெட்டியாகக் காட்டும், உள்ளே நடப்பதை மாற்றாது. டெஸ்ட்டுக்கு மாதிரி எடுத்த பிறகு கொடுங்கள், வேறு மருந்தோடு சேர்த்துக் கொடுக்காமல் இரண்டு மணி நேரம் விடுங்கள்.

மனிதருக்கான கழிச்சல் மாத்திரையைக் குட்டிக்குக் கொடுக்கவே வேண்டாம். லோபெரமைடு, எம்.டி.ஆர்.1 மரபுமாற்றம் உள்ள கோலி (Collie) இனத்து நாய்களில் மூளைக்குள் போய் நஞ்சாகும். பிஸ்மத் மருந்தில் ஆஸ்பிரினின் உறவான சாலிசிலேட் இருக்கிறது, மேலும் மலத்தைக் கறுக்கவைத்து உள்ரத்தக் கசிவை மறைத்துவிடும். சர்க்கரையில்லா இனிப்பு சேர்த்த எதிலும் சைலிட்டால் இருக்கலாம், அது நாய்க்கு விஷம்.

மெட்ரோனிடசோல் என்ற ஆன்டிபயாட்டிக் பற்றி அழுத்திச் சொல்ல வேண்டும். கழிச்சல் என்றாலே அதை எழுதிய காலம் போய்விட்டது. ஆரோக்கியமான நாய்களுக்கு அதைக் கொடுத்துப் பார்த்த 2020 ஆய்வில் குடல் பாக்டீரியாக்களின் சமநிலை குலைந்து, மருந்து நிறுத்தி நான்கு வாரமாகியும் சில நாய்களில் முழுதாகத் திரும்பவில்லை. கால்நடை ஆன்டிபயாட்டிக் பயன்பாட்டுக்கான ஐரோப்பிய வலையமைப்பான எனோவாட்டின் வழிகாட்டி 2024-ல், லேசான மற்றும் நடுத்தரத் திடீர்க் கழிச்சல் கொண்ட நாய்களுக்கு ஆன்டிபயாட்டிக் வேண்டாம் என்றே பரிந்துரைத்தது. மருத்துவர் எழுதினால் 'எதற்காக?' என்று மரியாதையாகக் கேளுங்கள். காய்ச்சல், ரத்தத்தில் தொற்று போன்ற காரணம் இருந்தால் அவர் சொல்வார், அப்போது தயங்காமல் கொடுங்கள்.

இத்தனையும் செய்தும் நிற்காவிட்டால்

மூன்று வாரத்தைத் தாண்டினால் மருத்துவ மொழியில் அது நாட்பட்ட கழிச்சல், ரத்தப் பரிசோதனைக்கு நேரம். எப்போதும் பசி, மலை மலையாக வெளிறிய எண்ணெய்ப்பசை மலம், எலும்பும் தோலும் என்றால், அதுவும் ஜெர்மன் ஷெப்பர்டு என்றால், கணையம் நொதி சுரக்காத நோயைத் தேட வேண்டும். அதற்கு டி.எல்.ஐ. என்ற ரத்தப் பரிசோதனை, வெறும் வயிற்றில் எடுப்பது. லிட்டருக்கு 2.5 மைக்ரோகிராமுக்குக் கீழே வந்தால் நோய் உறுதி. நாட்பட்ட சிறுகுடல் கோளாறில் பல நேரம் வைட்டமின் பி12 இறங்கிவிடும், அதை ஏற்றாமல் உணவு மாற்றம் முழுப் பலன் தராது. உணவு ஒவ்வாமை என்றால் ஹைட்ரோலைஸ்டு உணவில் பெரும்பாலும் இரண்டு வாரத்திலேயே மலம் திருந்தத் தொடங்கும். பார்வோவிலிருந்து மீண்ட குட்டியோ புழுச்சுமை அதிகமிருந்த குட்டியோ திடீரென வாந்தியெடுத்து வயிற்றைத் தொடவிடாமல் முனகினால், குடல் குடலுக்குள் செருகியிருக்கலாம். அது அவசர அறுவைச் சிகிச்சை.

மதிப்பு

புழு மருந்து, ஆன்டிபயாட்டிக், விடுதியில் தங்கியது, உணவு மாற்றம், இவற்றுக்குப் பிந்தைய மீட்புக்கு ஃபோர்ட்டிஃப்ளோரா ஐந்தில் நான்கு. சுவைக்காகவும் லேபிளில் காட்டும் நேர்மைக்காகவும் அந்த மதிப்பெண். காரணம் தெரியாத வாரக்கணக்கான கழிச்சலுக்குத் தனியாகக் கொடுத்தால் ஐந்தில் ஒன்றுதான். ஒவ்வாமைச் சோதனை நடக்கும்போது வாங்கவே வேண்டாம்.

தொடங்கும்போது முழுப் பெட்டி வாங்காமல், உதிரி சாஷே கிடைத்தால் பத்து வாங்கிப் பாருங்கள். மலத்தின் எண்ணைத் தினமும் ஒரு தாளில் குறித்து வாருங்கள். மூலகாரணத்துக்குச் சிகிச்சை முடிந்திருந்தால் ஒரு வாரத்துக்குள் எண் இறங்குவது தெரியும். 2-ல் ஐந்து நாள் நிலைத்தால் ஒரு நாள் விட்டு ஒரு நாள் கொடுத்து, இன்னொரு வாரத்தில் நிறுத்திவிடலாம். எண் அசையவே இல்லை என்றால் பதினோராவது சாஷேயைப் பிரிக்காதீர்கள், புதிய மாதிரியோடு ஆய்வகத்துக்குப் போங்கள்.